நாற்பத்தொரு பேருக்கு அரிசி

காலை ஒன்பதே முக்காலுக்கு அவர் வகுப்பறை வாசலில் வந்து நிற்பார். கையில் நோட்டும் இருக்காது, பேனாவும் இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அடி உள்ளே வைத்து, ஆள்காட்டி விரலைப் பிள்ளைகள் பக்கம் நீட்டி, உதடு மட்டும் அசைய எண்ணுவார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் அதுவரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எண்ணி முடித்ததும் ஒரு தலையாட்டல், பிறகு அடுத்த வகுப்பு. ஐந்து வகுப்புகளையும் எண்ணிய பிறகுதான் சமையற்கூடத்து உலையில் அரிசி விழும்.

அவர் எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். நான் தலைமையாசிரியர். தரங்கம்பாடிக்குத் தெற்கே, கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலுமாக நடுவில் ஒடுங்கிக் கிடந்த ஓர் ஊர். குடவாசல் பக்கத்திலிருந்து அங்கே மாற்றலாகிப் போன முதல் வாரமே இந்த எண்ணிக்கை எனக்குப் பிடிக்கவில்லை. வருகைப் பதிவேடு என் மேஜையில் இருக்க, அதை நம்பாமல் ஒருவர் தினமும் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குவது என்னையே நம்பாதது மாதிரி இருந்தது.

"இன்னிக்கு எத்தனை பேருன்னு நானே எழுதி அனுப்பிடறேம்மா. நீங்க எதுக்கு அலையணும்?" என்றேன்.

"அனுப்புங்க சார். நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

மறுநாளும் ஒன்பதே முக்காலுக்கு வந்து நின்றார்.

அப்போது அவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். குள்ளம். கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் மீன்வலை நூலைக் கட்டியிருந்தார். யார் எதைச் சொன்னாலும், கெட்ட சேதியோ நல்ல சேதியோ, அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "கண்ணால பாத்தீங்களா?" பார்த்தேன் என்றால் மேற்கொண்டு பேசுவார். இல்லையென்றால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானே கிளம்பிவிடுவார். ஊர் இளவட்டங்கள் அவருக்குக் 'கண்ணாலம்மா' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் யாருக்கோ கல்யாண ஏற்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை சமையல்கார அம்மா ஜுரம் என்று சொல்லியனுப்பினார். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் இவர் ஜுரம் பார்க்கப் போனார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்து, இரண்டு தெரு தள்ளி நடந்த காதுகுத்து வீட்டில் போய் நின்றார். சமையல்கார அம்மா பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த சாம்பார் வாளி ஆடிப்போய்விட்டதாம். இவரோ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ஜுரம் இல்ல சார். காதுகுத்து. பாயசம் நல்லாருந்துச்சு." சமையல்கார அம்மாவைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பார்க்க வேண்டும், பார்த்தாயிற்று, அவ்வளவுதான்.

எல்லோரும் அதைச் சிரித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆசிரியர் ஒருவருடைய தகப்பனார் ஒரத்தநாட்டுப் பக்கம் தவறிப்போனார். மூன்றாம் நாள் இவர் இரண்டு பஸ் மாறி அந்த வீட்டு வாசலில் போய் இறங்கினார். துக்கம் கேட்டார், உட்கார்ந்திருந்தார், சாயங்காலப் பஸ்ஸில் திரும்பினார். வேலைக்குத் திரும்பி வந்த ஆசிரியர் என் அறையிலேயே அவரைக் கேட்டுவிட்டார்.

"எங்கப்பா செத்தது நெஜமான்னு பாக்க வந்தீங்களா, துக்கம் கேக்க வந்தீங்களா?"

இவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாரும் பொய்தான் சொல்லியிருப்பார்கள்.

"ரெண்டுக்குந்தான் சார்" என்றார்.

அந்த ஆசிரியர் அதன்பின் மாற்றலாகிப் போகும்வரை அவரோடு பேசவில்லை. எனக்கும் அன்று அவர்மேல் ஓர் அருவருப்பு வந்தது உண்மை. சாவைக்கூடச் சரிபார்க்கிற மனுஷி என்று வீட்டில் சொன்னேன்.

ஆனால் செல்போனில் 'கடல் பொங்குகிறது, உடனே வெளியேறவும்' என்று எவனாவது எதையாவது அனுப்பிவைத்தால், அதே ஊர் அவருக்குத்தான் முதலில் போன் போடும். அவர் எழுந்து கடற்கரைக்குப் போவார். அரைமணி நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, எல்லாரும் போயி சோலியப் பாருங்க" என்பார். ஊர் அடங்கிவிடும்.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் பல கதைகள். சின்ன வயதில் யாரோ சொன்னதை நம்பி அண்ணனைப் பறிகொடுத்தார் என்றார்கள். இல்லை, பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை என்று தம்பியைக் காட்டி அண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள் என்றார்கள். ஒருநாள் துணிந்து அவரிடமே கேட்டேன். முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தார்.

"பொறந்ததுலேருந்தே நான் இப்படித்தான்னு எங்கம்மா சொல்லும்" என்றவர், ஒரு முட்டையைத் தண்ணீருக்குள் உருட்டிவிட்டு, "அத நான் கண்ணால பாக்கல" என்றார்.

*

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. பள்ளிக்கு விடுமுறை. நான்காம் நாள் வெயில் முகம் காட்டியது, பள்ளியைத் திறந்தோம். தொண்ணூறு பிள்ளைகளில் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தார்கள். வழக்கம்போல அவர் எண்ணிவிட்டுப் போனார்.

பத்தரை மணிக்கு வானம் திரும்பவும் இருட்டியது. அது மழையாகப் பெய்யவில்லை, வானத்திலிருந்து கொட்டியது. பக்கத்தில் நின்று பேசினால் காது கேட்கவில்லை.

கடலோரத்து ஊர் கடலைப் பார்த்துத்தான் பயப்படும். தண்ணீர் முதுகுப் பக்கமாக வந்தது. ஊருக்கு மேற்கே ஒரு வடிகால் ஆறு உண்டு. மேல்பகுதி வயல்களில் வடிகிற தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, முகத்துவாரத்தில் தண்ணீரை உள்ளே வாங்கவில்லை. வந்த தண்ணீர் ஆற்றிலேயே எதிர்த்து ஏறி, கரையை உடைத்துக்கொண்டது. நான் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் வரப்பைத் தாண்ட ஒரு ராத்திரி எடுத்துக்கொள்ளும். இங்கே விளையாட்டு மைதானத்தில் பழுப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்ப்பதற்குள் முதல் படி முழுகியிருந்தது.

பள்ளியிலிருந்து இருநூறு அடியில், மேட்டில், புயல் பாதுகாப்பு மையத்தின் மாடிக் கட்டடம். பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக அங்கே கொண்டுபோனோம். வழியிலேயே பெற்றவர்கள் ஓடிவந்து தங்கள் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போனார்கள். சிலர் மாடி வரை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரே கூச்சல். மாடியில் நான் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டேன். இருந்தால் 'உள்ளேன் ஐயா'. இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளைகள் சொல்வார்கள்: "அவங்கம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க சார்." ஒரு டிக் போடுவேன். இரண்டாம் வகுப்பு யாழினி பெயருக்கும் ஒரு குரல் வந்தது: "அவங்கப்பா வந்துட்டாரு சார்." டிக் போட்டேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, பாதி வெந்த சோற்று அண்டாவைச் சமையல்கார அம்மாவோடு தூக்கிக்கொண்டு அவர் கடைசியாக மேலே வந்தார். கழுத்துவரை நனைந்திருந்தார்.

"நாப்பத்தொண்ணும் வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சும்மா. இருபத்தேழு பேரு இங்க. பதினாலு பேரை வீட்டுலேருந்து வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"பதினாலு பேரையும் கூட்டிட்டுப் போனத யாரு பாத்தது?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "அம்மா, இதுவா நேரம்? பதிவேடு போட்டு ஒவ்வொரு பேரா கூப்பிட்டுப் பாத்துட்டேன்."

அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. பிள்ளைகளின் நடுவே ஈரப் புடவையோடு குந்தி உட்கார்ந்து, போன பதினாலு பேரையும் ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார். இவளை யார் கூட்டிப்போனது, நீ பார்த்தாயா, எங்கே நின்று பார்த்தாய். பதின்மூன்று பேருக்குப் பார்த்த கண் கிடைத்தது. யாழினிக்கு வந்ததும் நின்றது.

"யாழினிய யாருடா பாத்தது?"

மூன்றாம் வகுப்புப் பையன், "பிரியா சொன்னா டீச்சர்" என்றான். பிள்ளைகளுக்கு அவரும் டீச்சர்தான்.

பிரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் அப்படி சொல்லல டீச்சர். அவங்கப்பா வந்துடுவாருன்னுதான் சொன்னேன்."

நான் பதிவேட்டைப் பார்த்தேன். என் கையாலேயே போட்ட டிக் அங்கே இருந்தது.

அவர் எழுந்துவிட்டார். "ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சும்மா, வந்துடுவாங்க" என்று எங்கள் டீச்சர் ஒருவர் கையைப் பிடித்தார்.

"வரட்டும் டீச்சர். நான் போயி ஒரு பார்வ பாத்துட்டு வந்துடறேன்."

கடைக்குப் போய்வருகிறவர் போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்தக் குள்ள உருவம் தண்ணீரில் இறங்கி, மார்வரை மறைவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு அசைந்தது. பின்னாலேயே நானும் இறங்கினேன். வீரமெல்லாம் இல்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு அந்த மாடியில் பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியாது என்ற பயம்தான்.

சுற்றுச்சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனோம். மேற்கிலிருந்து இழுவை. ஓலைக் கீற்று, பிளாஸ்டிக் குடம், செத்த கோழி எல்லாம் இடித்துக்கொண்டு போயின. வகுப்பறைகளில் பெஞ்சுகள் மிதந்தன. அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே பார்த்தார். இருட்டான மூலைகளில் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எதைத் தேடித் துழாவுகிறார் என்று எனக்குத் தெரியும்.

எங்கும் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம் திரும்பினோம். அப்போதுதான் தகரம் தட்டும் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. மழை கூரையில் விழுகிற சத்தமா என்று நான் தயங்கினேன். அவர் தயங்கவில்லை. கழிப்பறையை நோக்கிப் பாய்ந்தார்.

பெண்பிள்ளைகள் கழிப்பறையின் தகரக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அதன் முன்னால் சவுக்குக் கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக வந்து அடைத்துக்கொண்டிருந்தன. சமையற்கூடத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகு முழுதும் மிதந்து வந்து, கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் சொருகிக் கிடந்தது. உள்ளே இருந்த பிள்ளை எவ்வளவு தள்ளினாலும் கதவு அசையாது.

"யாழினி!"

தட்டும் சத்தம் நின்றது. பிறகு பலமாகக் கேட்டது. குரல் வரவில்லை.

கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினோம். ஒன்றை எடுத்தால் இன்னொன்று வந்து அதே இடத்தில் உட்காரும். என் உள்ளங்கை கிழிந்தது. அவர் ஒரு கட்டையைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்த, நான் அடியில் இருந்ததை இழுக்க, கதவு ஒரு சாண் திறந்தது. அந்தச் சாண் இடைவெளியில் அவர் உடம்பை நுழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிள்ளை தண்ணீர்த் தொட்டியின் சுவர்மேல் ஏறி, காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்படி நின்றும் கழுத்துக்குக் கீழே தண்ணீர். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அவர் அவளை வெளியே நீட்ட, நான் வாங்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டேன். என் தலைமுடியை அவள் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

மாடிக்கு வந்ததும் எல்லோரும் அழுதார்கள். அவர் அழவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி எண்ணினார், இருபத்தெட்டு. பிறகு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். டீச்சர் கொடுத்த டம்ளரைத் தரையில் வைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"அது என் வெறகு சார்."

*

தண்ணீர் மூன்று நாளில் வடிந்தது. நாற்றுகள் அழுகி ஊரே நாறியது. ஐந்தாம் நாள் யாழினியின் அம்மா செல்வி பள்ளிக்கு வந்தாள், மீன் விற்கிறவள். பெரிய கொடுவா ஒன்றை வாழையிலையில் சுற்றி என் மேஜையில் வைத்தாள்.

"எம் பொண்ணத் தோள்ல தூக்கிட்டு வந்தீங்களாமே சார்" என்று கும்பிட்டாள்.

நான் மீனை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே நடந்ததை அறிக்கையாகக் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நல்ல தமிழில் எழுதினேன். மாணவர்கள் அனைவரையும் தலைமையாசிரியர் நேரில் எண்ணிச் சரிபார்த்தார் என்றும், ஒரு மாணவி குறைவது கண்டறியப்பட்டு உடனடியாக மீட்கப்பட்டார் என்றும் எழுதினேன். ஒரு சொல்கூட முழுப் பொய் இல்லை என்று அப்போது என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவரிடம் நீட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"இதுல போட முடியாது சார்."

"ஏம்மா?"

"நீங்க எண்ணலயே. கேட்டீங்க."

"ஒரு உசுரும் போகல. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"நல்லதுதான் சார். அதுக்காக நான் பாக்காதத பாத்தேன்னு எப்படிப் போடறது?" என்று தாளை மேஜையில் வைத்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம் என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கால் தானாகச் செல்வி வீட்டுப் பக்கம் திரும்பியது. வாசலில் நனைந்த பாயும் தலையணையும் காய்ந்துகொண்டிருந்தன. யாழினி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு பகலில்தான் தூங்குகிறாள், ராத்திரி கதவை மூடவிட மாட்டேன் என்கிறாள் என்றாள் செல்வி. நடந்ததைச் சொன்னேன். பெயர் கூப்பிட்டது, யாரோ சொன்னதை நம்பி டிக் போட்டது, அமைப்பாளரம்மா இல்லையென்றால் நான் கவனித்தே இருக்க மாட்டேன் என்பது, எல்லாவற்றையும்.

செல்வி காய்கிற பாயைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியும் சார். பிரியா அழுதுக்கிட்டே வந்து சொல்லிட்டா."

"அப்புறம் ஏம்மா மீனு?"

"நீங்களும் தண்ணியில எறங்குனீங்கள்ல. அதுக்குத்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா சார், இனிமே எம் பொண்ணு பேருக்கு நேரா டிக் போடும்போது நிமுந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போடுங்க."

மறுநாள் அறிக்கையை மாற்றி எழுதினேன். எண்ணவில்லை, கேட்டேன் என்று எழுதினேன். டிக்கைப் பற்றி எழுதினேன். கண்டுபிடித்தவர் யார், முதலில் இறங்கியவர் யார் என்று எழுதினேன். கதவை ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது என்ற இடத்தில் மட்டும் 'வெள்ளத்தில் மிதந்து வந்த பொருள்கள்' என்று போட்டேன். அவருக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு அது என்று நினைத்தேன்.

அவர் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"என்ன பொருள் சார்?"

"விட்டுடுங்கம்மா. உங்களுக்கும் மெமோ வரும்."

"அது என் வெறகு. கூடத்துக்குள்ள எடம் பத்தலன்னு அங்க அடுக்குனது நான். அந்தக் கட்டைய நீங்களுந்தான கண்ணால பாத்தீங்க? எழுதுங்க சார்."

எழுதினேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் இரண்டு மெமோவும் ஒரே உறையில் வந்தன. மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மழை, கூச்சல், பெற்றோர் நெருக்கடி, ஆள் பற்றாக்குறை என்று மூன்று பக்கம் எழுதினேன். எந்தச் சொல்லிலும் என் தவறு நேராக வந்து நிற்காமல் பார்த்துக்கொண்டேன். அனுப்பும் நாள் காலையில் அவர் ஒன்பதே முக்காலுக்குப் பிள்ளைகளை எண்ணிவிட்டு, நான்காக மடித்த ஒரு தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது. பிரித்துப் படித்தேன்.

'விறகைக் கழிப்பறைப் பக்கம் அடுக்கியது நான்தான். அது தப்பு. இப்போது முன்பக்கம் மேடை கட்டி அதன்மேல் அடுக்கியிருக்கிறேன். வந்து பார்த்துக்கொள்ளவும்.'

கீழே கையெழுத்து, தேதி.

என் மூன்று பக்கத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அலுவலக அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். நான்கு வரிதான் வந்தது.